கொலைக் கணக்கும் ஊர்ப் பெயரும்

ஓர் ஊர் நற்பெயர் எடுப்பதற்குப் பல்லாண்டு செல்லும். கெட்ட பெயர் எடுப்பதற்கு ஒரு நாட் செய்தி போதும். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் பெற்ற மாணவரின் பெற்றோர் நம்மிடம் முதலில் வினவுவது பாடத்தைப் பற்றியன்று. “அந்த நகரத்தில் துவக்குச் சூடு அதிகமாமே, பிள்ளையை அனுப்பலாமோ?” என்பதே அவர்தம் வினா. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம் உறவினரோ, “யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டு மலிந்துவிட்டதாமே, விடுமுறைக்கு வரலாமோ?” என்கின்றனர். இரண்டும் ஒரே வினாவே. ஓர் ஊரின் கொடுமையை அளக்க வழி உண்டா? உண்டாயின் அவ்வளவை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்வாரம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 2017 ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் கொலையுண்டோர் அறுநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர். நியூயோர்க்கில் 292 பேர். செயின்ற் லூயிஸ் நகரில் 205 பேர். இவ்வெண்களை மட்டும் பார்ப்பவர், சிக்காகோ கொடியது, செயின்ற் லூயிஸ் நல்லது என்று கூறிவிடுவர். ஆனால் அவ்வாண்டில் நியூயோர்க்கில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 85 இலட்சம். சிக்காகோவில் 27 இலட்சம். செயின்ற் லூயிசிலோ மூன்று இலட்சத்துக்குச் சிறிது மேல். இலட்சம் பேருக்கு எத்தனை கொலை என்று வகுத்துப் பார்த்தால், நியூயோர்க்கில் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு, சிக்காகோவில் 24, செயின்ற் லூயிசில் 66 என வரும். நல்லதெனத் தோன்றிய நகரம் மூன்றினுள் மிகக் கொடியதாகிவிட்டது. இவ்வாறு குடித்தொகையால் வகுத்துப் பெறுவதே வீதம் எனப்படும். இலங்கை முழுவதற்கும் அண்மைக் காலக் கொலை வீதம் இலட்சத்துக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்டது என்பதையும் உடன் நினைவிற் கொள்க.

வகுத்துவிட்டோம், உண்மை கிடைத்துவிட்டது என்று அமைதல் கூடாது. எதனால் வகுத்தோம் என்பதும் நோக்கற்பாலது. செயின்ற் லூயிஸ் நகரம் 1876 இல் தன்னைச் சூழ்ந்த மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி எல்லை வகுத்துக்கொண்டது. அவ்வெல்லைக்கு வெளியே புறநகர்கள் பரந்து வளர்ந்தன. இன்று நகரமும் புறநகர்களும் சேர்ந்த பகுதியில் வாழ்வோர் ஏறத்தாழ 28 இலட்சம். அவர்களுட் பெரும்பாலோர் கணக்கில் வாராமல், நடு நகரத்துக் கொலைகள் நடு நகரத்தாரால் மாத்திரம் வகுக்கப்படுகின்றன. நம் ஊரில் வைத்து நோக்கினால் இது எளிதில் விளங்கும். யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் 2012 இல் வாழ்ந்தோர் ஒரு இலட்சத்துக்கும் குறைவு. பகற்பொழுதில் பெரியாசுபத்திரிக்கும் பெரிய கடைக்கும் பஸ் நிலையத்துக்கும் வடமராட்சியினின்றும் தென்மராட்சியினின்றும் தீவகத்தினின்றும் வந்து குவிவோர் எத்தனை பேர்! பஸ் நிலையத்தில் நிகழும் கைகலப்பை வண்ணார்பண்ணையில் உறங்குவோரின் தலையிற் கட்டுவது நீதியாகுமா?

சிற்றூர்களின் கணக்கு இன்னும் விபரீதமானது. 2023 ஏப்பிரலில் நெடுந்தீவில் ஒரே வீட்டில் முதியோர் ஐவர் வெட்டிக் கொல்லப்பட்டனர். நாடே பதைத்த கொடுமை அது. அத்தீவில் வாழ்வோர் ஏறத்தாழ நாலாயிரம் பேர். வீதம் பார்த்தால் இலட்சத்துக்கு 125 ஆகின்றது. மேலே கூறிய செயின்ற் லூயிசின் வீதத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. குதிரைகள் மேயும் அந்த அமைதியான தீவு அமெரிக்க நகரங்களை விஞ்சிய கொலைக்களம் என்று எவரேனும் கூறுவரா? சிறிய தொகையை வகுத்து வரும் வீதத்தை ஓர் ஆண்டிலன்றிப் பல்லாண்டிற் சேர்த்து நோக்குதல் வேண்டும் என்பதே இதனால் அறியத்தக்கது.

வகுக்கும் எண் இவ்வாறாயின், வகுபடும் எண் எத்தகையது? அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் 1930 ஆம் ஆண்டு முதல் குற்றக் கணக்குத் தொகுத்து வருகின்றனர். கொலை, வன்புணர்வு, கொள்ளை, கொடுந்தாக்குதல் ஆகிய நான்கும் அங்கு வன்குற்றம் எனப்படும். இக்கணக்கைக் கொண்டு நகரங்களை நிரற்படுத்திப் பட்டியலிடுதல் தகாது என்று தொகுத்தவர்களே எச்சரித்துள்ளனர். பிணத்தை மறைத்தல் அரிது. ஆதலால் கொலைக் கணக்கு ஓரளவு நம்பத்தக்கது. அடி உதையோ, பொலிசாரிடம் சென்று முறையிட்டால் மாத்திரமே ஏட்டில் ஏறும். முறைப்பாடு எழுதுபவரின் மொழி தமக்கு விளங்காத இடத்திலும், பழிக்கு அஞ்சும் இடத்திலும் மக்கள் பொலிஸ் நிலையத்தின் படி ஏறார். வீட்டினுள் மனைவியை அடிப்பவனைத் தடுப்பதற்கு இந்நாட்டில் 2005 ஆம் ஆண்டிலேதான் தனிச் சட்டம் வந்தது. அதற்கு முன்னர் அடி இல்லாமலா இருந்தது? ஏடு வெறுமையாய் இருப்பது ஊர் நன்றாய் இருப்பதற்குச் சான்றாகாது.

நம் நாட்டையே எடுத்து இத்தகைய ஒப்பீடு செய்தோரும் உளர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அமெரிக்கச் சமூகவியலாளர் முறே ஸ்ட்ராஸ் என்பவரும் ஜாக்குலின் ஸ்ட்ராஸ் அவர்களும் 1953 இல் அமெரிக்கச் சமூகவியல் ஏடு ஒன்றில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிங்கள மக்களிடையே கொலை மிகுதி. யாழ்ப்பாணத் தமிழரிடையே கொலை குறைவு, ஆனால் தற்கொலை மிகுதி என்பது அவர் கண்டது. கட்டுப்பாடு இறுகிய சமுதாயத்தில் சினம் பிறர்மேற் பாயாது தன்மேலேயே திரும்பும் என்பது அவர்தம் விளக்கத்தின் சாரம். அவ்விளக்கத்தை ஏற்பதும் மறுப்பதும் அறிஞர் பாடு. நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கொலை குறைந்த சமுதாயம் என்று நாம் மார்தட்டிய காலத்திலேயே, வன்குற்றக் கணக்கில் சேராத சாவுகள் நம் வீடுகளில் நிகழ்ந்துகொண்டிருந்தன.

அதன் பின்னர் வந்தது போர். 1987 ஒக்ரோபரில், தீபாவளி நாளன்று, இந்தியப் படையினர் புகுந்த பெரியாசுபத்திரியில் நோயாளரும் மருத்துவரும் தாதியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1995 யூலை 9 ஆம் நாள் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இயக்கங்கள் துரோகி எனப் பெயர் சூட்டி மின்கம்பத்திற் கட்டிச் சுட்டவர்களும் பலர். நாம் இதுவரை பேசிவந்த வீதம் என்னும் கணக்கில் இச்சாவுகளுக்கு இடமில்லை. வகுக்கும் எண்ணும் இல்லை. 1981 க்குப் பின் 2012 வரை வடக்கில் முழுமையான குடிசன மதிப்பு நடைபெறவேயில்லை. 1981 இல் கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் எட்டு இலட்சத்து முப்பதினாயிரம் பேர் வாழ்ந்தனர். 2012 இல் இரு மாவட்டங்களையும் சேர்த்தும் ஏழு இலட்சத்தை எட்டவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் மூட்டை முடிச்சோடு பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றதே, அடுத்த வாரம் யாழ்ப்பாண நகரின் குற்ற வீதம் யாது? வகுப்பதற்கு ஆட்கள் இல்லை.

“அக்காலத்தில் களவில்லை; நடுநிசியிலும் பெண்கள் அச்சமின்றி நடந்தனர்; இக்காலத்துப் பிள்ளைகளே கெட்டுவிட்டனர்” என்று பெரியோர் சிலர் கூறக் கேட்கின்றோம். களவு குறைந்திருந்தது உண்மையாகலாம். கள்வனுக்கு அஞ்சாத அந்த வீடுகளே விமானத்துக்கு அஞ்சின. பிள்ளையை இயக்கம் கொண்டுபோய்விடுமோ என்றும் அஞ்சின. அன்று எண்ணத் துணிந்தோரும் இருந்தனர். யாழ்ப்பாண மருத்துவ பீடத்து விரிவுரையாளர் ராஜினி திராணகம, எத்தரப்பார் செய்த கொடுமையாயினும் எழுதிவைத்தல் வேண்டும் என்று நண்பரோடு சேர்ந்து ‘முறிந்த பனை’ என்னும் நூலை ஆக்கினார். 1989 செப்ரெம்பர் 21 இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். எண்ணுதலே உயிருக்கு ஆபத்தாக இருந்த காலத்தைக் குற்றமற்ற பொற்காலம் என்று இளையோருக்குக் காட்டுதல் தகுமா? இன்று வாள் ஏந்தித் திரியும் இளைஞரைக் கண்டிப்போம், கண்டிக்கவே வேண்டும். ஆனால் இல்லாத ஒரு நேற்றைக் காட்டிக் கண்டித்தல் வேண்டா.

இத்துணை குறை உடையதாயின் எண்ணிக்கையே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ஊரை ஊரோடு நிறுப்பதினும், ஓர் ஊரை அதன் நேற்றோடு நிறுத்தலே மிகுந்த பயன் தரும். 1990 இல் நியூயோர்க்கில் கொலையுண்டோர் இரண்டாயிரத்து இருநூற்றுக்கு மேல். முன்னர்க் கூறியவாறு 2017 இல் 292. அதே நகரம், அதே தெருக்கள். கொடிய ஊர் என்பது ஊரின் தலையெழுத்து அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. எண்ணியதனால் காரணம் தெரிந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் சில தடைசெய்யப்பட்டன. பத்தாண்டில் அவ்வீதம் பாதியாய்க் குறைந்தது. கணக்கெடுத்ததனால் உயிர் பிழைத்தோர் பல்லாயிரவர்.

ஆகவே, மகனை அனுப்ப எண்ணும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. நகரத்தின் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். பிள்ளை எத்தெருவில் தங்குவான், எவ்வழியே வகுப்புக்குச் செல்வான் என்று கேளுங்கள். அமெரிக்க நகரங்களில் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் உள்ள வேற்றுமை, நகரத்துக்கும் நகரத்துக்கும் உள்ள வேற்றுமையினும் பெரிதாதல் உண்டு. மாணவர்க்குக் கூறுவது மூன்று வினாக்கள். எந்தப் பட்டியலைக் கண்டாலும், யாரை எண்ணினர், யாரால் வகுத்தனர், யாரை விட்டனர் என்று கேட்டுப் பழகுங்கள். முதலிரண்டுக்கும் விடை காணக் கணிதம் போதும். மூன்றாவதற்கு விடை காண, உங்கள் வீட்டுப் பாட்டியாரையும் பேரனாரையும் அருகிலிருத்தி, ஏட்டில் வாராத பெயர்களைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அவர்கள் இருக்கும்போதே அதனைச் செய்யுங்கள்.