ஆய்வுத் தரவு எங்கே தேங்குகிறது? அளந்தால்தான் தடை நீங்கும்

பலமனேர்: சென்னை - பெங்களூரு வழித்தடத்தில் உள்ள பலமனேரை ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநில லாரிகளும் கடந்து செல்கின்றன. ஒரு லாரி எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது, எவ்வளவு எடை ஏற்றியுள்ளது என்பதை அறிய அதன் தார்ப்பாயை அவிழ்க்க வேண்டியதில்லை. உலகின் ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் வலையமைப்புகளில் தரவுப் போக்குவரத்து கண்காணிக்கப்படுவதும் ஏறத்தாழ இவ்வாறுதான்.

இந்தக் கண்காணிப்பு இப்பகுதிக்கு அந்நியமான விவகாரம் அல்ல. பலமனேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் புங்கனூர் குட்டை மாட்டினத்தைப் பாதுகாத்து வருகிறது. திருப்பதி அருகே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகமும், திருப்பதியில் ஐஐடி, ஐசர் ஆகியவையும் இயங்குகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளால் நாள்தோறும் சுமார் 80 டெராபைட் தரவு உருவாகும் என்பது நாசாவின் மதிப்பீடு. இந்த அளவை விநாடிக்கு 10 கிகாபிட் திறன் கொண்ட இணைப்பில் அனுப்பினால், முழு வேகத்திலும் ஏறத்தாழ 18 மணி நேரம் ஆகும். வேகம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் ஒரு வாரத்துக்கும் மேலாகும்.

கண்ணுக்குத் தெரியாத பழுது

நாட்டின் கல்வி, ஆய்வு நிறுவனங்களை அதிவேகமாக இணைக்க, 5,990 கோடி ரூபாய் மதிப்பிலான தேசிய அறிவு வலையமைப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு 2010 மார்ச் மாதம் ஒப்புதல் அளித்தது. தேசிய தகவலியல் மையம் இதைச் செயல்படுத்தியது. ஆனால், அகலமான பாதை இருப்பதாலேயே வேகம் கிடைத்துவிடாது.

அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலையமைப்பான இஎஸ்நெட் பொறியாளர்கள் 2013-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குச் சான்று. அங்கு பழுதடைந்த ஒரு கருவி, 22,000 தரவுப் பொட்டலங்களில் ஒன்றை மட்டுமே தவறவிட்டது. அருகிலுள்ள இடங்களுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. தொலைதூரப் பரிமாற்றங்களின் வேகமோ கடுமையாகச் சரிந்தது. பொட்டலம் தொலைந்தால் அனுப்பும் கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தூரம் கூடக்கூட பழைய வேகத்துக்குத் திரும்ப அதிக நேரம் பிடிக்கிறது. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தரவு அனுப்புவோருக்கு இது முக்கியமான பாடம்.

இத்தகைய பழுதுகளைக் கண்டறிய இரு வழிகள் கையாளப்படுகின்றன. பெர்ஃப்சோனார் போன்ற மென்பொருள்கள் சோதனைத் தரவை அனுப்பி, தாமதத்தையும் இழப்பையும் அளக்கின்றன. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் உருவான நெட்சேஜ் போன்ற அமைப்புகள், உண்மையான போக்குவரத்தின் தொடக்கம், முடிவு, அளவு, வேகம் ஆகியவற்றைத் தொகுத்து வரைபடங்களாகத் தருகின்றன. 2025 செப்டம்பரில் செங்கடலில் கடலடி கேபிள்கள் சேதமடைந்தபோது இந்தியாவிலும் இணைய வேகம் பாதிக்கப்பட்டது. அத்தகைய வேளைகளில் போக்குவரத்து எந்த மாற்றுப் பாதைக்குத் திரும்பியது, அங்கு எவ்வளவு நெரிசல் ஏற்பட்டது என்பதைக் காட்டக்கூடியவை இப்பதிவுகளே.

தனியுரிமை முக்கியம்

கண்காணிப்பு என்றவுடன் அச்சம் எழுவது இயல்பு. நெட்சேஜ், தரவின் உள்ளடக்கத்தைப் படிப்பதில்லை. இணைய முகவரியின் இறுதிப் பகுதியையும் மறைத்துவிடுகிறது. எந்த நிறுவனம் என்பது புலப்படும்; எந்தக் கணினி என்பது புலப்படாது. எனினும், எவ்வளவு காலம் பதிவுகள் சேமிக்கப்படும், யார் பார்க்கலாம் என்பதற்குத் தெளிவான விதிகள் அவசியம்.

அளவீடு இல்லாத இடத்தில் பழுதான ஒரு கருவியை மாற்றுவதற்குப் பதிலாகக் கூடுதல் திறன் கொண்ட இணைப்பு வாங்கப்படும் அபாயம் உண்டு. பெரிய நிறுவனங்களில் காரணத்தைத் தேடப் பொறியாளர்கள் இருப்பார்கள். சிறு நகர ஆய்வாளரோ தன் கணினிதான் மெதுவானது என்று எண்ணி, ஹார்டு டிஸ்க்கைக் கூரியரில் அனுப்பிவிட்டு அமைதியாகிவிடுவார். தடை எங்கே என்பதை எவரும் பார்க்கும்படி அளவீடுகள் வெளிப்படையாக இருந்தால் அதிகம் பயனடைவது அவரே.