பழைய கிணறுகளுக்கு யார் காவல்?

கச்சா எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ 88 சதவீதத்தை இறக்குமதி செய்யும் ஒரு நாடு, தன் மண்ணுக்கு அடியில் கிடப்பதை எடுத்துப் பயன்படுத்த முனைவதில் தவறு காண முடியாது. 2011-12-இல் சுமார் 3.8 கோடி டன்னாக இருந்த உள்நாட்டுக் கச்சா எண்ணெய் உற்பத்தி, 2023-24-இல் 2.94 கோடி டன்னாகச் சரிந்தது. இந்தச் சரிவைத் தடுக்கும் நோக்கத்துடன்தான் 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டத்துக்கான திருத்தத்தை, 2024 டிசம்பரில் மாநிலங்களவையும் 2025 மார்ச்சில் மக்களவையும் நிறைவேற்றின. பாறைப்படிவ எரிவாயுவும் எண்ணெயும் இப்போது அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் தெளிவாக வந்துவிட்டன.

மாநிலங்களின் உரிமை என்னவாகும், தனியாருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்விகள் அவைகளில் எழுந்தன. அவை நியாயமான கேள்விகளே. அவற்றுக்கு இணையாகக் கேட்கப்பட வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. புதிதாகத் தோண்டப்படும் கிணறு, பக்கத்தில் ஏற்கெனவே எண்ணெய் தந்துகொண்டிருக்கும் பழைய கிணற்றை என்ன செய்யும்?

இறுகிய பாறையில் சிக்கியிருக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் வெளிக்கொணர, நீர், மணல், வேதிப்பொருள்கள் கலந்த திரவத்தைப் பேரழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். விரிசல்கள் மூடிவிடாதபடி மணல் தாங்கி நிற்கிறது. பல ஆண்டுகளாக எண்ணெய் எடுக்கப்பட்ட பழைய கிணற்றைச் சுற்றி நிலத்தடி அழுத்தம் குறைந்திருக்கும். புதிய கிணற்றில் உண்டாக்கப்படும் விரிசல், எதிர்ப்புக் குறைந்த அந்தத் திசையை நோக்கியே ஓட முற்படும். அதன் வழியாகப் பழைய கிணற்றுக்குள் நீரும் மணலும் புகுந்துவிடுகின்றன. உற்பத்தி குறைகிறது, சில வேளைகளில் கிணற்றின் உள்குழாயே சேதமடைகிறது. சில கிணறுகள் மீள்வதும் உண்டு. அரிதாகச் சில இடங்களில் உற்பத்தி கூடியதும் உண்டு. ஆனால் மீளாமலே போன கிணறுகளும் இருக்கின்றன. விரிசலின் பெரும்பகுதி வற்றிய பகுதிக்குள் வீணாவதால், புதிய கிணறும் பழையது தந்த அளவுக்குத் தருவதில்லை.

அமெரிக்கா இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. டெக்சாஸ், நியூ மெக்சிகோ மாநிலங்களில் பரவியுள்ள பெர்மியன் படுகையில் பழையதைத் தாய்க் கிணறு என்றும் புதியதைச் சேய்க் கிணறு என்றும் அழைக்கும் வழக்கமே வந்துவிட்டது. அங்கு 23 கிணறுகளை நெருக்கமாகத் தோண்டிய கான்சோ நிறுவனம், எதிர்பார்த்த உற்பத்தி கிடைக்கவில்லை என்று 2019-இல் ஒப்புக்கொண்டபோது அதன் பங்கு விலை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. ஓக்லஹோமாவில் சிறிய பழைய கிணறுகளின் உரிமையாளர்கள், பெரிய நிறுவனங்களின் விரிசல் பணியால் தங்கள் கிணறுகள் பாழாயின என்று முறையிட்டனர்.

அது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பாறைப்படிவ எரிவாயுவுக்கான முதல் கொள்கை 2013-இல் வந்தது. அதே ஆண்டு குஜராத்தின் ஜம்புசரில் ஓ.என்.ஜி.சி. ஆய்வுக் கிணறு தோண்டத் தொடங்கியது. எதிர்பார்த்த பலன் உடனே கிட்டவில்லை என்பது உண்மை. ஆனால் 2018-இல் மத்திய அமைச்சரவை, ஏற்கெனவே ஒப்பந்தத்தில் உள்ள வயல்களிலும் இத்தகைய வளங்களை எடுக்க வழி திறந்தது. பழைய வயலுக்குள்ளேயே புதிய முறை நுழையலாம் என்பதே இதன் பொருள். ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் இறுகிய பாறையிலிருந்து எரிவாயு எடுக்க விரிசல் முறை ஏற்கெனவே பயன்பட்டிருக்கிறது. முன்பு ஒரு வயல் முழுவதும் ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. சிறு வயல்கள் தனியாருக்கு ஏலம் விடப்படும் காலத்தில், பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் வெவ்வேறு கைகளுக்குப் போகின்றன. ஒருவர் பிளக்கும் பாறையால் இன்னொருவருக்கு இழப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு?

அண்டைக் கிணறு வற்றும் வழக்கு நம் மக்களுக்குப் புதிதல்ல. திருவனந்தபுரத்து ஸ்ரீவராகம் போல வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதியில் ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டாலே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கவலை பிறக்கும். அதே கேரளத்தின் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலையின் நிலத்தடி நீர் எடுப்பு நீதிமன்றம் ஏறியபோது, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003-இல் கூறினார்; 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு வேறு விதமாகத் தீர்ப்பளித்து, வரம்புடன் நீர் எடுக்க அனுமதித்தது. முன்கூட்டியே தெளிவான விதி இல்லாவிட்டால், ஒரே கேள்விக்கு நீதிமன்றத்திலேயே இரு விடைகள் கிடைக்கும்.

எண்ணெய் வயல்களில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிருஷ்ணா-கோதாவரிப் படுகை. அங்கு நடந்தது விரிசல் முறை அல்ல. ஆனால் அண்டைக் கிணற்றின் சிக்கல் அதுவேதான். தன் வயலின் எரிவாயு பக்கத்து ரிலையன்ஸ் வயலுக்குள் செல்கிறது என்று ஓ.என்.ஜி.சி. 2013-இல் முறையிட்டது. சுமார் 1,112 கோடி கன மீட்டர் எரிவாயு நகர்ந்ததாக 2015-இல் வெளிநாட்டு ஆலோசனை நிறுவனம் கணித்தது. 2016-இல் மத்திய அரசு சுமார் 155 கோடி டாலர் கேட்டது. தன் ஒப்பந்தப் பகுதிக்குள் தோண்டிய கிணறுகளிலிருந்தே எரிவாயு எடுத்ததாக ரிலையன்ஸ் வாதிட்டது. 2018-இல் நடுவர் மன்றமும், 2023-இல் தில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதியும் அந்நிறுவனத்தின் பக்கம் நின்றனர். 2025 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பைப் புரட்டியது. அடுத்த மாதமே கோரிக்கை 281 கோடி டாலராக உயர்ந்தது. முறையீடு எழுந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகும் கணக்கு முடியாத நிலைதான் இது.

டெக்சாஸில் நிலத்தடி எண்ணெய் தனியார் உடைமை. எல்லை தாண்டிய விரிசலின் வழியே கசிந்துவரும் எரிவாயுவுக்காக அண்டை நிலத்தார் இழப்பீடு கோர முடியாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறிவிட்டது. இந்தியாவில் நிலத்தடி எண்ணெயின் உரிமை அரசுடையது. நிலப்பரப்பில் கிடைக்கும் எண்ணெய்க்கான உரிமத்தொகை மாநிலங்களுக்குச் சேருகிறது. ஆகவே இங்கு ஒரு பழைய கிணறு பாழானால், அதில் மக்களின் பணமும் சேர்ந்தே பாழாகிறது. தமிழகத்துக்கும் இதில் அக்கறை உண்டு. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகையில் புதிய திட்டங்களைத் தடுத்தாலும், முன்பே இயங்கிவந்த கிணறுகளை அது மூடிவிடவில்லை.

திருத்தச் சட்டம் குத்தகைகளை இணைப்பது, வசதிகளைப் பகிர்வது, தகராறுகளைத் தீர்ப்பது ஆகியவை குறித்து விதிகள் வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. அந்த விதிகளில் நான்கு காப்புகள் ஐயத்துக்கு இடமின்றி இருந்தாக வேண்டும். பாறையைப் பிளக்கும் முன் அண்டைக் கிணற்றின் உரிமையாளருக்கு எழுத்துவழி அறிவிப்பு தேவை. ஓக்லஹோமாவில் ஐந்து வேலை நாள்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்ற விதி உண்டு. பணிக்கு முன்னும் பின்னும் பழைய கிணற்றின் அழுத்தமும் உற்பத்தியும் அளக்கப்பட்டு, அந்தக் கணக்கு ஹைட்ரோகார்பன் இயக்குநரகத்திடம் இருக்க வேண்டும். இரு கிணறுகளுக்கு இடையே குறைந்தபட்ச இடைவெளி வேண்டும். இழப்பு நேர்ந்தால் அதற்குத் தான் காரணமல்ல என்று நிறுவும் பொறுப்பு பாறையைப் பிளந்தவருக்கே இருக்க வேண்டும்.

இவற்றில் எது விதிகளில் இல்லையோ, அதைச் சேர்க்கச் சொல்லும் கடமை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உண்டு. புதிய கிணறு நூறு பீப்பாய் தந்து பழைய கிணறு ஐம்பது பீப்பாயை இழந்தால், நாட்டுக்குக் கிடைத்தது நூறு அல்ல, ஐம்பதுதான். இந்த எளிய கழித்தல் கணக்கைப் போடாமல் அறிவிக்கப்படும் எந்த உற்பத்திச் சாதனையும் நம்பத்தக்கதாகாது.