அப்பன் பேர் முதல் படம் வரைக்கும்தான்!

குயிலாப்பாளையம்–

"அவனுக்கென்னப்பா, அப்பன் நடிகர்!" வாரிசு நடிகர் படம் ரிலீஸ் ஆனால் டீக்கடை பெஞ்சில் கிளம்புகிற பேச்சு இது. குயிலாப்பாளையமும் இதற்கு விலக்கல்ல. ஆனால் கணக்கைப் புரட்டினால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

தெருக்கூத்துக் குடும்பத்துப் பையனுக்குத் தனிப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்பா அரிதாரம் பூசும்போது பக்கத்திலேயே இருப்பான். விடிய விடிய பாட்டைக் கேட்பான். சின்ன வேஷம் கட்டி, பிறகு பெரிய வேஷத்துக்கு வருவான். புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்து இன்று மகன் சம்பந்தன் கையில் இருப்பது இப்படித்தான். அங்கே பேரோடு தொழிலும் வந்தது.

சினிமாவில்?

எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் நடிகர் அப்பா கிடையாது. சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர்கள். கம்பெனிதான் வீடு, வாத்தியார் எல்லாம். அந்தக் கம்பெனிகள் மறைந்த பிறகு அந்த இடத்தை நடிகர் வீடுகள் பிடித்துக்கொண்டன. சிவாஜி மகன் பிரபு 1982-ல் 'சங்கிலி'யில் அப்பாவோடு வந்தார்.

வீடு கதவைத் திறந்துவிடும். மறுக்க முடியாது. விஜய்யை 1992-ல் 'நாளைய தீர்ப்பு' படத்தில் கதாநாயகன் ஆக்கியவர் அப்பா எஸ்.ஏ.சந்திரசேகர். படம் ஓடவில்லை. மறு வருஷமே 'செந்தூரபாண்டி'யில் விஜயகாந்தைக் கூடச் சேர்த்துப் படம் எடுத்தார். பெரிய வெற்றி 1996-ல் 'பூவே உனக்காக'வில்தான் வந்தது. அதன் டைரக்டர் விக்ரமன். வெளியாளாக இருந்தால் முதல் தோல்வியிலேயே பஸ் ஏற வேண்டியதுதான். நாலு வருஷம் காத்திருக்க வசதி, அதுதான் வாரிசுக்குக் கிடைக்கிற நிஜமான சொத்து.

பாரதிராஜா வீட்டுக் கதை

அந்தச் சொத்தும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. பாரதிராஜா 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை'யில் முத்துராமன் மகன் கார்த்திக்கைக் கொண்டுவந்தார். 1983-ல் 'மண்வாசனை'க்கு மதுரையில் வளையல் விற்ற பாண்டியனைப் பிடித்தார். இரண்டு பேரும் ஜெயித்தார்கள்.

1999-ல் சொந்த மகன் மனோஜை 'தாஜ்மகால்' படத்தில் இறக்கினார். இசை ஏ.ஆர்.ரகுமான். பாட்டு பரவியது, படம் நிற்கவில்லை. ஊரார் பிள்ளையை ஜனங்கள் புதுசாகப் பார்த்தார்கள். மனோஜை மட்டும் 'பாரதிராஜா மகன்' என்றே பார்த்தார்கள்.

மனோஜ் 2023-ல் 'மார்கழி திங்கள்' படத்தை டைரக்ட் செய்தார். அதில் அப்பாவையே நடிக்க வைத்தார். 2025 மார்ச் 25-ல் அவர் இறந்தபோது வயது 48.