சாயங்கால மைதானம்

வடசென்னை வியாசர்பாடியில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் பந்தோடு மைதானத்துக்கு ஓடுகிறார்கள். இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகர் அந்தப் பகுதிக்காரர். என் அக்கறையெல்லாம் இந்தியச் சட்டை போட வாய்ப்பில்லாத மற்றப் பிள்ளைகள்மேல். அப்படியொரு சாயங்காலம், மாற்று ஆட்டக்காரியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் ஷூ கயிற்றைக்கூட அவிழ்க்காமல் முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். இறங்கியதும் தனக்கு வந்த முதல் பந்தைத் தோழிக்குத் தள்ளிவிட்டாள், கோல்! சொன்ன நேரத்துக்கு வருவதும், திட்டு வாங்கினால் முகம் சுளிக்காமல் திருத்திக்கொள்வதும் அங்கேதான் பழக்கமாகின்றன. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவதும் இதைத்தானே? விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கும் பள்ளிகள், நாலரை மணிக்குப் பிறகாவது மைதானத்தின் கேட்டைத் திறந்துவைக்கட்டும். பயிற்சியாளருக்கு மாதச் சம்பளத்தை அரசே கொடுக்கட்டும்.