பாலத்தின் பெயரும் 17 பெயர்களும்

தாம்பரத்தில் மாலையில் ரயில் ஏறினால் காலையில் திருநெல்வேலி சந்திப்பு. அங்கிருந்து பாளையங்கோட்டை செல்லும் டவுன் பஸ் தாமிரபரணியைக் கடப்பது சுலோச்சன முதலியார் பாலத்தில். 1843இல் திறக்கப்பட்ட பாலம். அதற்கு முன் ஆற்றைக் கடக்கப் படகுதான். ஆட்சியர் அலுவலகத்தில் பணியாற்றிய சுலோச்சன முதலியார் 50,000 ரூபாய் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். கொடை பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவரின் பெயர் சாதியோடு நிலைத்திருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், கைதானவர்களின் விடுதலைக்காகவும் ஆற்றங்கரையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் வந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். காவல்துறை தடியடி நடத்தி மக்களை ஆற்றுக்குள் விரட்டியது. பெண்கள், ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். விசாரித்த மோகன் ஆணையம் காவல்துறையை நியாயப்படுத்தியது.

2025 அக்டோபரில் ஊர், தெருப் பெயர்களில் உள்ள சாதியை நீக்க அரசு ஆணையிட்டது. அதே மாதம் கோவையில் திறந்த மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரைச் சூட்டியது!

சாதி வாலை வெட்டத்தான் வேண்டும். ஆனால் அது பாதி வேலை. யார் பெயரை எழுதப்போகிறோம் என்பது மீதி. ஆண்டுதோறும் ஜூலை 23இல் நாம் தூவும் மலர்கள் ஆற்றோடு போய்விடுகின்றன. பாலத்தருகே 17 பெயர்களையும் பொறித்த கல்லை அரசே நட வேண்டும். டவுன் பஸ்ஸில் போகிற பிள்ளைகள் அதைப் படிக்கட்டும்.