மூலிகையும் மருந்தே, மறைக்காமல் சொல்லுங்கள்

கீழாநெல்லி வயல் வரப்பிலேயே கிடைக்கிறது. நிலவேம்பு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. சிறுகுறிஞ்சான் பொடியும் ஆவாரம்பூப் பொடியும் சந்தையில் பொட்டலமாக விற்கப்படுகின்றன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து மருத்துவமனைக்கு வரும் குடும்பங்களில் இவற்றுள் ஒன்றையேனும் பயன்படுத்தாத குடும்பம் அரிது. ஆயினும், "வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்கும்போது, "இல்லை" என்ற விடையே மிகுதியாக வருகிறது. சொன்னால் திட்டுவார்கள் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணம். அது மருந்தன்று, வெறும் இலைதானே என்ற எண்ணம் மற்றொரு காரணம்.

எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். உடலில் வேலை செய்யும் மூலிகை எதுவாயினும் அது மருந்தே. மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு. ஏற்ற நோய், ஏலாத நோய் உண்டு. பிற மருந்துகளோடு நட்பும் பகையும் உண்டு. ஆகவே அதை மறைக்காமல் சொல்வது நோயாளியின் கடமை; அதைச் சினமின்றிக் கேட்டறிவது மருத்துவரின் கடமை. நோயாளிகளும் உடனிருப்போரும் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் வினாக்களின் வழியே இக்கருத்தை விளக்க முயல்கிறோம்.

மூலிகை உடலில் எவ்வாறு வேலை செய்கிறது?

ஒரு செடி தன்னைப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்ளப் பலவகை வேதிப்பொருள்களை உண்டாக்குகிறது. நாம் கசாயத்தையோ பொடியையோ உட்கொள்ளும்போது அப்பொருள்கள் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கின்றன. கல்லீரல் அவற்றை மாற்றியமைக்கிறது. சிறுநீரகமும் குடலும் வெளியேற்றுகின்றன. மாத்திரை செல்லும் பாதையும் இதுவே. உடலுக்கு இது இலையிலிருந்து வந்தது, அது ஆலையிலிருந்து வந்தது என்ற வேறுபாடு தெரியாது.

நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியையே எடுத்துக்கொள்வோம். அதன் இலையைச் சர்க்கரை நோய்க்கென மென்று தின்பவர்கள் இன்றும் உள்ளனர். ஜமைக்கா நாட்டிலும் அதே வழக்கம் இருந்தது. 1950களில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தனர். எதிர்பார்த்தபடி சர்க்கரை குறையவில்லை. மாறாக, சோதனை எலிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்தன. அந்தத் தடத்தைப் பின்பற்றியே வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றளவும் பயன்படுகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. மூலிகைக்கு ஆற்றல் இல்லை என்று ஒதுக்குவது தவறு. ஊரில் சொல்லப்படும் நோய்க்குத்தான் அந்த ஆற்றல் பயன்படும் என்று சோதிக்காமல் நம்புவதும் தவறு. புற்றுநோய்ப் பிரிவில் துளித்துளியாக அளந்து, இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துச் செலுத்தப்படும் மருந்தின் தாய்ச்செடியை, அளவின்றி நாள்தோறும் மெல்வது எத்தகைய செயல் என்பதை வாசகர்களே உணர்வர்.

இயற்கையானது என்றால் பக்கவிளைவு இராதா?

மிகுதியாகக் கேட்கப்படும் வினா இதுவே. இதற்கு விடை நம் மாவட்டத்து நிலத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளை, ஜெயங்கொண்டம் பகுதி உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அறிவர். அதன் விதை நல்ல விலை போவதற்குக் காரணம் அதிலுள்ள கோல்சிசின். யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வீங்கும் நோய்க்கு இது பயனுள்ள மருந்து. ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் மட்டுமே. அதே கோல்சிசின் நிறைந்த கிழங்கை, உண்ணத்தக்க கிழங்கு என்று தவறாகக் கருதி உண்டு உயிரிழந்தவர்களும் உண்டு. செடி ஒன்றே, அளவுதான் அதை மருந்தாகவும் நஞ்சாகவும் ஆக்குகிறது.

சித்த மருத்துவம் இதை நன்கு அறிந்த மருத்துவம் என்பதை இங்கு வலியுறுத்த விரும்புகிறோம். நச்சுத்தன்மையுள்ள சரக்குகளைச் சுத்தி செய்தே சேர்க்க வேண்டும் என்ற விதியும், வயதுக்கும் உடல் வலிமைக்கும் ஏற்ற அளவும், அனுபானமும், பத்தியமும் அம்மருத்துவத்திலேயே வகுக்கப்பட்டவை. பக்கவிளைவே இல்லாத பொருளுக்குப் பத்தியம் எதற்கு? "மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது" என்ற வாசகம் சித்தர் மரபிலிருந்து வந்ததன்று. விளம்பரப் பலகையிலிருந்து வந்தது.

கீழாநெல்லி மஞ்சள் காமாலையைக் குணப்படுத்துமா?

மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களின் அறிகுறி. அசுத்தமான குடிநீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகிய வைரசுகளால் வரும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்த நாள்களில் எந்த இலையை அரைத்துக் குடித்தாலும் குணமாக்கிய பெருமை அந்த இலைக்கே சேரும். ஆனால் பித்தப்பைக் கல் நழுவிப் பித்தநாளத்தை அடைப்பதாலும், கணையத்தில் கட்டி தோன்றுவதாலும், எலிக்காய்ச்சலாலும், மதுவினால் கல்லீரல் கெடுவதாலும் கண் மஞ்சளாகும். இவை இலைச்சாற்றுக்காகக் காத்திருப்பவை அல்ல. கருவுற்ற பெண்ணுக்கு ஹெபடைடிஸ் ஈ வந்தால் தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

கீழாநெல்லி ஆராயப்படாத மூலிகையும் அன்று. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் தலைமையில் நடைபெற்ற ஆய்வு 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கும் அதில் பங்கேற்றார். கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் உட்கொண்டு, தொடர்ந்து பரிசோதிக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளப் பொருள் மறைந்தது. வெற்றுப் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் பின்னர்ப் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. ஆகவே ஹெபடைடிஸ் பி நோய்க்குக் கீழாநெல்லி உறுதியான மருந்தென்று இன்று கூற இயலாது.

இதனால் அந்த மூலிகைக்கு இழுக்கில்லை. ஒரு மருந்தைப் பலமுறை, பல இடங்களில், ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்க வேண்டும் என்பதே இதன் பாடம். ஆலையில் செய்யப்பட்ட எத்தனையோ மருந்துகளும் இதே சோதனையில் தோற்றுப் போயிருக்கின்றன. கண் மஞ்சளானால் முதலில் இரத்தப் பரிசோதனையும், தேவையெனில் ஸ்கேனும் செய்து காரணத்தை அறியுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நிலவேம்புக் குடிநீர் பற்றியும் இதையே கூறுவோம். ஒன்பது சரக்குகள் சேர்ந்த இக்குடிநீரை அரசே டெங்கு பரவிய காலங்களில் மக்களுக்கு வழங்கியது. காய்ச்சலின்போது அதை அருந்துவோர், அருந்தியதாலேயே கண்காணிப்பை விட்டுவிடலாகாது. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாள்களே பெரும்பாலும் ஆபத்தான நாள்கள். தாங்க முடியாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

வழக்கமான மாத்திரைகளுடன் சேர்த்துச் சாப்பிடலாமா?

சிலவற்றைச் சாப்பிடலாம், சிலவற்றைக் கூடாது. எது எது என்பதை உங்கள் மருந்துச் சீட்டைப் பார்த்தே கூற இயலும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர், அத்துடன் சிறுகுறிஞ்சான் பொடியையோ பாகற்காய்ச் சாற்றையோ நாள்தோறும் சேர்த்தால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் என அது வெளிப்படும். இருமலுக்கு நல்லதென்று அதிமதுரத்தை நெடுநாள் சுவைத்தால் இரத்த அழுத்தம் ஏறும். உடலில் பொட்டாசியம் குறையும். இதய வால்வு அறுவை செய்துகொண்டு வார்ஃபரின் எடுப்போர், பூண்டு, மஞ்சள், இஞ்சி ஆகியவற்றைச் சமையலில் வழக்கமான அளவில் சேர்ப்பதில் அச்சமில்லை. அவற்றையே மருந்தளவில் பொடியாகவும் குளிகையாகவும் எடுத்தால் இரத்தக் கசிவு நேரலாம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்களும் இவற்றை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும், பொட்டாசியம் மிகுந்த இளநீரும் இலைச்சாறுகளும் இதயத் துடிப்பையே குலைக்கவல்லவை.

மிளகு இதற்கு வியப்பான சான்று. அதிலுள்ள பைப்பரின் வேறு சில மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவை உயர்த்துகிறது. இதைப் பயன்படுத்தி, 450 மில்லிகிராம் தரவேண்டிய ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தை, 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து 200 மில்லிகிராமாகக் குறைத்த கூட்டு மருந்தொன்றை இந்திய ஆய்வாளர்கள் உருவாக்கினர். அறிந்து சேர்த்தால் மிளகு துணை நிற்கிறது. வலிப்பு நோய் மாத்திரை உண்பவர், அறியாமல் திரிகடுகச் சூரணத்தை மருந்தளவில் நாள்தோறும் சேர்த்தால், அதே ஆற்றல் அம்மாத்திரையின் அளவையும் உயர்த்தித் தீங்கு செய்யலாம்.

இவை அனைத்தையும்விடப் பெரிய ஆபத்து, மூலிகையை நம்பி மருந்தை நிறுத்திவிடுவது. காசநோய் மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். சிறு வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்துவது உயிரையே பறிக்கும். எந்த மருந்தையும் உங்களுக்கு நீங்களே நிறுத்தாதீர்கள்.

எங்கே வாங்குவது, யாரிடம் கேட்பது?

பெயரற்ற பொட்டலத்தை வாங்காதீர்கள். முறையாகத் தயாரிக்கப்பட்ட சித்த, ஆயுர்வேத மருந்தின் உறையில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், சேர்ந்துள்ள சரக்குகள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் "ஒரே நாளில் பலன்" என்று விற்கப்படும் பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல இடங்களில் கண்டறியப்பட்டுள்ளது. முகம் உப்புதல், சர்க்கரை ஏறுதல், எலும்பு தேய்தல் என அதன் விலையைப் பின்னர்ச் செலுத்த நேரிடும்.

மூலிகை மருத்துவம் வேண்டுவோருக்குத் தகுதியான வழி இருக்கிறது. ஐந்தரை ஆண்டுகள் பயின்று பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளில் பணியாற்றுகின்றனர். அங்கு மருந்தும் இலவசம். உங்கள் மாத்திரைகளையும் பரிசோதனை முடிவுகளையும் அவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் தரும் மருந்தை எங்களிடம் காட்டுங்கள். இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் மருத்துவம் செய்தால் இடையில் துன்புறுவது நோயாளியே.

மருத்துவமனையின் கடமை யாது?

நோயாளி மறைப்பதற்கு மருத்துவ உலகமும் ஒரு காரணம். "அந்தக் குப்பையை ஏன் குடித்தாய்?" என்று ஒருமுறை கேட்கப்பட்டவர் மறுமுறை வாய் திறக்க மாட்டார். பாட்டி காலத்திலிருந்து குடும்பம் நம்பிவரும் ஒன்றை இகழ்ந்து பேசினால் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனால் உண்மையும் வராது. ஆகவே "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுக் கடந்து போவது போதாது. "கசாயம், பொடி, லேகியம், இலைச்சாறு, நாட்டு மருந்து ஏதேனும் உண்டா? எவ்வளவு, எத்தனை நாளாக?" என்று பெயர் சொல்லிக் கேட்பதும், விடையை நோயாளியின் கோப்பில் எழுதுவதும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் வழக்கமாக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கேட்காத மருத்துவரிடம் நீங்களே சொல்லலாம்; அது உங்கள் உரிமை.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் முதியவர் உட்கொள்ளும் எல்லாவற்றையும் பெரும்பாலும் நீங்களே அறிவீர்கள். அடுத்தமுறை மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரை அட்டைகளுடன் அந்தப் பொடிப் பொட்டலத்தையும் சூரணப் புட்டியையும் ஒரே பையில் எடுத்து வாருங்கள். பெயர் தெரியாத இலையாயின் அதன் ஒரு கொத்தையே கொண்டு வாருங்கள். அதைப் பார்த்த பிறகு எழுதப்படும் மருந்துச் சீட்டே பிழையற்ற மருந்துச் சீட்டாக அமையும்.