கப் அடிச்ச கோவை டீம் காணாமல் போனது ஏன்? தோற்காமலேயே 2-ம் டிவிஷனுக்கு இறக்கப்பட்ட கதை!

திருப்பூர்:

2019 மார்ச் 9, சனிக்கிழமை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வரும் நாள். அதே சாயங்காலம், 50 கிலோ மீட்டர் தள்ளி கோவை நேரு ஸ்டேடியத்தில் ஒரு கால்பந்து டீமுக்கு வாழ்வா சாவா போராட்டம்.

சென்னை சிட்டி எப்.சி. என்பது டீமின் பெயர். பெயரில்தான் சென்னை. ஹோம் மேட்ச் எல்லாம் ஆடியது கோவையில். ஐ-லீக் கோப்பைக்கு அன்று கடைசி மேட்ச். ஜெயித்தால் கப். டிரா ஆகி, அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால், கப் ரயில் ஏறி கொல்கத்தா போய்விடும்.

எதிரே நின்றது முந்தைய ஆண்டு சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கி 3-வது நிமிடமே மினர்வா ஒரு கோல் போட்டது. ஸ்டேடியம் கப்சிப்! இடைவேளை வரை அதே நிலைதான்.

இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது. பெட்ரோ மான்சி அடித்து சமன் செய்தார். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஆள் ஹீரோ ஆனார். தடுப்பாட்டக்காரர் கவுரவ் போரா 2 கோல் போட்டார். 3-1. ஈஸ்ட் பெங்காலும் கோழிக்கோட்டில் 2-1 என ஜெயித்தது. ஆனாலும் பிரயோஜனம் இல்லை. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கோவையில் தங்கியது.

இன்று அந்த டீம் தேசிய லீக்கில் இல்லை. கப் அடித்த 3 ஆண்டுகளுக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. எப்படி?

கடைசி வரிசையில் இருந்து உச்சிக்கு

1946-ல் தொடங்கிய பழைய கிளப் இது. 2016-17 சீசனில்தான் ஐ-லீக்குக்குள் வந்தது. முதல் 2 சீசனும் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்து அல்லாடியது. 'இது தேறாது' என்று சொன்னவர்கள் அதிகம்.

2018-19-ல் எல்லாம் மாறியது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சான்ட்ரோ என்று ஸ்பெயினில் இருந்து ஆட்களைப் பிடித்து வந்தார்கள். அவர்களுக்கு இணையாக எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின் என்று நம்ம ஊர்ப் பசங்களும் ஓடினார்கள். முதல் மேட்ச்சிலேயே மான்சி ஹாட்ரிக். சீசன் முடிவில் அவர் கணக்கில் 21 கோல். சீசன் நடுவே, 2019 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் பெரிய கிளப் எப்.சி. பாசல் 26 சதவீத பங்கை வாங்கியது. வெளிநாட்டு முதலீடு, கையில் கோப்பை. இதைவிட என்ன வேணும்?

கோப்பை வந்த மறு மாதமே இன்னொரு வேட்டை. சூப்பர் கப் போட்டியில் பெங்களூரு எப்.சி.யை காலிறுதியில் 2-1 என வீழ்த்தியது சென்னை சிட்டி. அந்த பெங்களூரு யார்? அதே மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிய பணக்கார டீம். அரையிறுதியில் கோவாவிடம் 0-3 என்று தோற்றது வேறு விஷயம். 'பெரிய லீக்' சாம்பியனை 'சின்ன லீக்' சாம்பியன் அடித்துக் காட்டியாச்சு.

மைதானத்துக்கு வெளியே விழுந்த அடி

அந்த சமயம் இந்தியாவில் 2 லீக் ஓடிக்கொண்டிருந்தது. 2007-ல் வந்த ஐ-லீக் ஒன்று. 2014-ல் சினிமா, கிரிக்கெட் நட்சத்திரங்களோடு களமிறங்கிய ஐ.எஸ்.எல். மற்றொன்று. எது பெரிசு என்பதில் இழுபறி.

2019 அக்டோபரில், ஆசிய கால்பந்து கூட்டமைப்பின் ஒப்புதலோடு முடிவு வந்தது. இனி ஐ.எஸ்.எல்.தான் முதல் டிவிஷன்! ஆசிய சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் அதற்கே. ஐ-லீக் இரண்டாவது இடத்துக்கு இறங்கியது.

உலகம் பூரா ஒரு டீம் 2-ம் டிவிஷனுக்குப் போகிறது என்றால் வரிசையாகத் தோற்றிருக்கும். சென்னை சிட்டி கோப்பையை வாங்கி 7 மாதத்தில், ஒரு லீக் மேட்ச்கூட ஆடாமல் 2-ம் டிவிஷன் ஆனது.

சரி, கீழே இறக்கினார்கள். ஜெயித்தால் மேலே ஏற்றுவார்களா? அங்கேதான் கொக்கி. ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல். கதவு 2022-23 சீசனில் இருந்துதான் திறக்கும் என்று அந்தத் திட்டத்தில் எழுதினார்கள். அதுவரை 3 சீசன் சும்மா ஆட வேண்டும். செலவு மட்டும் குறையாது. வெளிநாட்டு ஆட்டக்காரர் சம்பளம், காஷ்மீர் முதல் மிசோரம் வரை விமான டிக்கெட், ஓட்டல் பில்... எல்லாம் அப்படியே. டி.வி.யும் ஸ்பான்சரும் 2-ம் டிவிஷனை எவ்வளவு கண்டுகொள்வார்கள் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். பவர் டேபிள்காரர் தையலில் ஒரு குறை வைக்கவில்லை. செக்கிங்கில் ஒரு பீஸ் திரும்பவில்லை. ஆனாலும் பையர் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டால் லைன் நின்றுவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பட்ட பாடு மறந்திருக்காது. வேலையில் தப்பில்லை, முடிவு எடுத்த இடம் வேறு.

கிரவுண்டும் சொந்தமில்லை

மொத்தப் பழியையும் டெல்லி மீதும் ஆசியக் கூட்டமைப்பு மீதும் போட்டுவிட முடியாது. கிளப்பின் அஸ்திவாரமும் லேசானதுதான்.

முதலில் மைதானம். வ.உ.சி. பூங்கா பக்கத்தில் இருக்கும் நேரு ஸ்டேடியம் அரசு இடம். ஐ-லீக்குக்கு ஒப்பேற்றலாம். ஆசியப் போட்டி என்றால் நடக்காது. 2020-ல் ஏ.எப்.சி. கப் ஹோம் மேட்ச்சை அகமதாபாத்தில் போய் ஆடியது கோவையின் டீம்! வரலாறு படைத்த சீசனின் பலனை உள்ளூர்க்காரன் நேரில் பார்க்க முடியவில்லை.

அடுத்து ரசிகர் கூட்டம். கோவை, திருப்பூர், பல்லடம், அவிநாசி என்று லட்சக்கணக்கில் இளவட்டங்கள் வேலை செய்யும் பெல்ட் இது. ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி 8.30 ஆகும். சாயங்காலம் 5 மணி மேட்ச்சுக்கு எவன் போவான்? லீவு கிடைப்பது ஞாயிறு ஒரு நாள். பெயரிலேயே 'சென்னை' என்று ஒட்டிக்கொண்டிருக்க, இது நம்ம டீம் என்று திருப்பூரில் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. கிரிக்கெட்டில் கதை தலைகீழ். 2025 டி.என்.பி.எல். கோப்பையை வென்றது திருப்பூர் தமிழன்ஸ். பெயர் இருக்கிறது, ஊரில் மேட்ச்தான் இல்லை.

மூன்றாவது, ஆட்கள் கிளம்பியது. கப் அடித்ததும் கோர்டியோ ஐதராபாத் பக்கம் போனார். எட்வின் சென்னையின் எப்.சி. போனார். மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா டீமுக்குப் பறந்தார். ரொமாரியோ கோவா போனார். யாரையும் குறை சொல்ல முடியாது. மேலே போக வழியில்லாத டீமில் ஆட்டக்காரன் எத்தனை நாள் இருப்பான்?

பிறகு வேகமாக எல்லாம் முடிந்தது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் பஹ்ரைனின் ரிபா டீமிடம் 0-1 தோல்வி. 2019-20 லீக்கில் நடு வரிசை. மார்ச்சில் கொரோனா வந்து ஏ.எப்.சி. கப்பும் ரத்து. 2020-21 லீக் முழுவதும் மேற்கு வங்கத்தில் பூட்டிய கதவுக்குள் நடந்தது. சென்னை சிட்டி கடைசி 5 டீம்களில் ஒன்று. 2021-22 சீசனில் கிளப் லைசென்ஸ் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று லீக்கில் இருந்தே வெளியே!

பக்கத்து வீட்டு கோகுலம்

பாலக்காடு தாண்டிப் போனால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா எப்.சி. 2020-21, 2021-22 என்று அடுத்தடுத்து 2 முறை ஐ-லீக் சாம்பியன். அவர்களுக்கும் ஐ.எஸ்.எல். கதவு திறக்கவில்லை. ஆனால் டீம் நிற்கிறது. பின்னால் கோகுலம் குழுமத்தின் பணமும், முன்னால் கால்பந்து என்றால் சோறு தண்ணி மறக்கும் மலபார் ஜனமும் இருப்பது ஒரு காரணம்.

கடைசியில் 2022-23 சாம்பியன் பஞ்சாப் எப்.சி. முதல் ஆளாக ஐ.எஸ்.எல். ஏறியது. அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். கோவைக்கு 4 வருஷம் லேட்டாகத் திறந்த கதவு அது.

மேலே ஏறியவர்களும் நிம்மதியாக இல்லை. 2025-ல் ஒப்பந்தச் சிக்கலில் ஐ.எஸ்.எல்.லே தள்ளிப்போனது. பெங்களூரு எப்.சி. ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எப்.சி. தற்காலிகமாகக் கடையைச் சாத்தியது.

மான்சி போன ஜப்பான் டீம் விஷயத்துக்கு வருவோம். அதே 2020-லேயே அவர் அங்கிருந்து கழன்றுவிட்டார். நீகாட்டா அப்போது ஜப்பானின் 2-ம் டிவிஷனில் இருந்தது. 2022-ல் அங்கே சாம்பியன். அடுத்த சீசனே முதல் டிவிஷன். 2025-ல் தோற்று மறுபடி கீழே இறங்கியது. ஏறியதும் மைதானத்தில், இறங்கியதும் மைதானத்தில்.